கதவடித் தகட்டில் இருக்கும் பெயர்: முல்லினர் எங்கிருந்து வந்தது?

அக்காவின் மகன் கட்டாரில் ஒரு வீட்டில் சாரதியாக இருக்கிறான். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அந்த வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற பென்ட்லி ஃப்ளையிங் ஸ்பர், நாலு கதவு செடான். படத்தில் கார் இல்லை. கதவைத் திறந்தால் கால் வைத்து ஏறுகிற இடத்தில் ஒரு உலோகத் தகடு இருக்குமே, அது மட்டும்தான். அதில் முல்லினர் என்று எழுதியிருந்தது. கீழே ஒரு குரல் பதிவு: "மாமா, வெளியில பென்ட்லி எண்டு கிடக்கு, இதில வேற பேர் கிடக்கு. இது காருட பேரா, கொம்பனிட பேரா?"

வயரிங் வேலைக்காரனாக முப்பது வருஷம் கராஜ் கராஜாக ஏறி இறங்கியவன் நான். பழைய கார் எப்படிக் கட்டினார்கள் என்பதைத் தேடித் தேடிப் படிப்பது அந்தக் காலத்திலிருந்தே இருக்கிற ஆசை. அதனால் அவனுக்கு ஒரு வரியில் பதில் அனுப்ப மனம் வரவில்லை. அவனுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முல்லினர் கார் உற்பத்தி செய்த கொம்பனி இல்லை. கார் என்று ஒன்று உலகத்துக்கு வருவதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னாலேயே குதிரை வண்டித் தொழிலில் இருந்த ஒரு குடும்பத்தின் பெயர் அது. இங்கிலாந்தில் நோர்தாம்டன் என்ற ஊரில் 1760களில் வண்டி வாடகைக்கு விடுவதில் தொடங்கினார்கள். வாடகை வண்டி என்றால் உடைந்துகொண்டே இருக்கும், திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். திருத்தத் தெரிந்தவனுக்குப் புதிதாகக் கட்டவும் வரும். இப்படித்தான் பெரும்பாலான பட்டறைகள் எந்த நாட்டிலும் பிறக்கின்றன. அந்தத் தொழிலுக்கு அங்கே கோச்பில்டர் என்று பெயர், அதாவது கோச் கட்டுகிறவர்.

கோச் என்ற சொல் மட்டக்களப்பில் பிறந்தவனுக்குப் புதிதில்லை. 1928இல் எங்கள் ஊர் வரைக்கும் இருப்புப்பாதை வந்தது. அதில் ஓடியதை எங்கள் பெரியவர்கள் கோச்சி என்றார்கள், நாங்களும் இன்றைக்கும் கோச்சி என்கிறோம், கோச்சிக்குப் போய்விட்டு வந்தேன் என்றால் ரயிலடிக்குப் போய் வந்தேன் என்று எவருக்கும் விளங்கும். போர்த்துக்கேயரின் கோச்சே வழியாக வந்ததா, வெள்ளைக்காரனின் கோச் வழியாக வந்ததா என்று பேசிக்கொண்டே இருக்கலாம், ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஹங்கேரியில், வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் இடையில் இருக்கிற கோச் என்ற கிராமம். பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தக் கிராமத்து வண்டிக்காரர்கள் பாரம் குறைந்த, குலுக்கல் குறைந்த ஒரு பயண வண்டியைக் கட்டினார்கள். வண்டி ஐரோப்பா முழுவதும் போனது, ஊரின் பெயரும் கூடவே போனது. ஒரு குக்கிராமத்துத் தச்சர்களின் கைவேலை, எங்கள் ஊர் ரயிலின் பெயராக வந்து நிற்கிறது.

செடானும் அப்படித்தான். நாலு கதவும் பின்பக்கம் பெட்டியும் உள்ள கார் என்று இன்று சொல்கிறோம். முதலில் அது சில்லே இல்லாத ஒன்று: முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தூக்கிக்கொண்டு போகும் மூடு பல்லக்கு. 1634இல் லண்டனில் அதை வாடகைக்கு விடும் உரிமை ஒருவருக்கு அரசரால் கொடுக்கப்பட்டது. உள்ளே இருப்பவருக்கு மழை படாது, தெருச் சேறு படாது, யாரென்றும் தெரியாது. மூடிய காருக்கு அமெரிக்கர்கள் பிறகு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பிரித்தானியாவில் அதே காருக்கு சலூன் என்று பெயர்.

சரி, ஒரு கோச் பட்டறைக்குள் என்ன நடந்தது? கதையின் ருசியான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிற்கிறேன்.

எங்கள் மாட்டுக் கரத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு, சில்லு, ஏர்க்கால் எல்லாம் ஒரு பக்கம். மேலே பலகைத் தட்டும் பக்கக் கம்புகளும் கிடுகுக் கூரையும் இன்னொரு பக்கம். கீழே உள்ளது பாரம் தாங்குகிறது, மேலே உள்ளது எதை ஏற்றுகிறோமோ அதற்கேற்ப மாறுகிறது. நெல் மூட்டைக்கு ஒரு மாதிரி, கதிர்காமத்துக்கோ மாமாங்கத் திருவிழாவுக்கோ ஆட்களை ஏற்றிப் போக ஒரு மாதிரி. குதிரை வண்டியும் அப்படியே, இரண்டு பாகம். அடிப்பாகத்தைச் செய்வது ஒரு கூட்டம், மேல்கட்டைச் செய்வது ஒரு கூட்டம். 1804இல் ஒபாடியா எலியட் என்பவர் நீள்வட்ட வில்லுக்கு உரிமம் எடுத்தார், தகடு தகடாக அடுக்கி முகத்துக்கு முகம் சேர்த்த வில். அது வந்த பிறகு நடுவில் ஓடிய பெரிய மரச்சட்டம் தேவைப்படாமல் போனது, வண்டியின் இருப்பு தாழ்ந்தது, பெட்டியின் வடிவத்தை விருப்பம் போல வளைக்கலாம் என்ற நிலை வந்தது. லொறிக்குக் கீழே குனிந்து பார்த்தால் தெரிகிற தகட்டு வில் இருக்கிறதே, அது இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

பட்டறைக்குள் நாலு தொழில் ஒரே கூரையின் கீழ் இருந்தன. சட்டம் இழைக்கிற தச்சர், எங்கள் பக்கத்துச் சொல்லில் ஓடாவி. இரும்பு வேலைக்குக் கொல்லர். இருக்கைக்கும் உட்கூரைக்கும் தோலும் துணியும் தைக்கிறவர், இன்றைக்கு நாங்கள் குஷன் வேலைக்காரர் என்பவர். கடைசியில் வர்ணம் பூசுகிறவர். இந்த வர்ணக்காரர்தான் எல்லோரையும் காக்க வைத்தவர், ஏனென்றால் பூச்சு, காயவிடல், தேய்ப்பு, மறுபடி பூச்சு என்று ஒரு நல்ல வண்டிக்கு வாரக்கணக்கு ஆனது, மேலே போடும் வார்னிஷ் ஈரத்தில் ஒரு தூசி விழுந்தால் தேய்த்துவிட்டு மறுபடி. இப்போதும் எந்தக் கராஜிலும் கடைசி நாளில் வாய்ச்சண்டை வருவது பெயின்ட் வேலையில்தானே.

மரத்துக்கு அவர்கள் ஆஷ் என்ற மரத்தை எடுத்தார்கள். வளையும், அதிர்ச்சியைத் தாங்கும், ஆணி பிடிக்கும். எங்கள் கிழக்குக் கரையில் அதே குணம் உள்ள மரம் சவண்டலை. கரத்தைக்கும் வள்ளத்துக்கும் ஓடாவிமார் தேடியது அதைத்தான். திருக்கோணமலை மரம் என்றே ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் விழுந்தது, கடல் தாண்டிச் சென்னை வரைக்கும் ஏற்றினார்கள். அந்தச் சென்னையிலேயே ஒரு கோச்பில்டர் இருந்தது: 1840இல் குதிரை வண்டியும் சேணமும் செய்கிற பட்டறையாகத் தொடங்கிய சிம்சன் கொம்பனி. 1903இல் அதே பட்டறையில் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டி எழுப்பினார்கள். ஆகவே இது ஏதோ லண்டன் கனவான்களின் தொழில் மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது கார் வருகிறது. ஆரம்பக் கார்க் கொம்பனிகளில் பலருக்குத் தெரிந்தது என்ஜின், கியர், பிரேக், அவற்றைத் தாங்கும் செசி. பெட்டி, அதாவது மேல்கட்டு, கட்ட அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை, ஏனென்றால் ஊரில் ஏற்கெனவே நூறு வருஷ அனுபவத்தோடு பெட்டி கட்டுகிறவர்கள் இருந்தார்கள். ரோல்ஸ் ரோய்ஸ் 1904 தொடக்கம் இரண்டாம் உலகப் போர் வரைக்கும் விற்றது செசியும் என்ஜினும் மட்டுமே. சில்வர் கோஸ்ட் என்று உலகம் கொண்டாடுகிற அந்த 1907ஆம் வருஷத்து வெள்ளி நிறக் கார் இருக்கிறதே, அதன் மேல்கட்டு பார்க்கர் என்ற கோச்பில்டருடையது; பார்க்கரின் பட்டறை 1710இல் தொடங்கியது. கொழும்பில் நின்றாலும் கல்கத்தாவில் நின்றாலும் அந்தக் காலத்து ரோல்ஸ் ரோய்ஸ் என்பது இரண்டு கொம்பனிகளின் கைவேலை.

முல்லினர் குடும்பத்தின் லண்டன் கிளை இந்த நேரத்தில்தான் கதைக்குள் வருகிறது. ஹென்றி ஜேர்விஸ் முல்லினர் என்பவர் 1897இல் தன் பெயரில் கொம்பனியைப் பதிந்தார். பிறகு பட்டறை மேற்கு லண்டனில் சிசிக் என்ற இடத்துக்குப் போனது. 1909 டிசம்பரில் அதன் பெரும்பங்கு எடின்பரோவில் இருந்த குரோல் என்ற இன்னொரு வண்டிக் கொம்பனியின் கைக்குப் போய்விட்டது. அதாவது முல்லினர் என்ற பெயர் புகழ் பெற்ற காலம் முழுக்க அதை நடத்தியது வேறு ஆட்கள். தொழிலில் இது வழமை. சந்தியில் இருக்கிற கடைக்கு முதலாளி மூன்று தரம் மாறியிருக்கும், பெயர்ப்பலகை மட்டும் பழையதாக நிற்கும்.

ஒரு காசுக்காரர் அந்தக் காலத்தில் கார் வாங்கிய விதத்தைச் சொல்கிறேன். கல்லடிப் பாலம் திறந்த 1924 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் செசிக்கு ஓடர் கொடுப்பார். முன் மூக்கும் நீர்த்தொட்டியும் என்ஜினும் நாலு சில்லும் உள்ள அந்த எலும்புக்கூட்டில் ஒரு தற்காலிக ஆசனத்தைப் பொருத்தி ஓட்டிக்கொண்டுபோய் கோச்பில்டரின் வாசலில் விடுவார்கள். அதற்கு முன்பே அவர் அங்கே போய் வரைபடங்களைப் பார்த்திருப்பார்: தானே ஓட்டுவாரா, சாரதி ஓட்டுவாரா? சாரதி என்றால் நடுவில் கண்ணாடி வேண்டுமா? தலையில் உயரமான தொப்பி வைப்பாரா? வீட்டு அம்மா ஏறி இறங்க எவ்வளவு உயரம் வசதி? எத்தனை பயணப் பெட்டி ஏற்ற வேண்டும்? தையல்காரர் அளவெடுப்பது போல அளவெடுத்து, பெரிய பலகையில் காரை முழு அளவுக்கு வரைவார்கள். அந்த வரைவிலிருந்து ஆஷ் சட்டங்களை அறுத்து, மூட்டு வைத்து, பசையும் திருகாணியும் போட்டு ஒரு மரக் கூட்டை எழுப்புவார்கள். அதன்மேல் அலுமினியத் தகடு. வளைவான மட்காட்டைச் செய்கிற ஆள், இரண்டு உருளைகளுக்கு நடுவில் தகட்டை முன்னும் பின்னும் இழுத்து இழுத்து வளைவு எடுப்பார். கண்ணால் பார்க்க மாட்டார், உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்.

இந்த உள்ளங்கை விஷயத்தை நான் இங்கேயே பார்த்திருக்கிறேன். ஆரையம்பதிப் பக்கம் ஒரு டிங்கர் கராஜ், பாஸுக்கு எழுபது வயது கிட்ட. பாஸ் என்பதும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், மேலாள் என்று பொருள். அவர் பட்டி தேய்த்து முடித்த கதவில் கண்ணை மூடிக்கொண்டு கையை மேலிருந்து கீழே ஓட்டுவார், ஒரு இடத்தில் விரல் நிற்கும், அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். எங்கள் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இருக்காது. பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்தினால்தான் அந்த வட்டத்துக்குள் என்ன இருந்தது என்று தெரியும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், நான் இதை எழுதுவதே இதற்காகத்தான். கஸ்டம் வேலை என்றால் இன்று எல்லோரும் நினைப்பது, கொம்பனி ஒரு கார் செய்கிறது, காசு கூடியவர் அதன்மேல் கூடுதலாக ஏதோ செய்விக்கிறார் என்று. வரலாறு தலைகீழ். முதலில் இருந்தது ஆளுக்கேற்றபடி கட்டுவதுதான். எல்லோருக்கும் ஒரே மாதிரி என்பது பிறகு வந்தது. கரத்தையோ, வள்ளமோ, கோச்சோ, ஆரம்பக் காரோ, யாருக்காக, எந்தப் பாதைக்காக என்று கேட்காமல் ஒருவரும் ஒரு மரத்தையும் அறுக்கவில்லை. முல்லினர் தகட்டைப் பார்த்து அது ஆடம்பரத்தின் கடைசி எல்லை என்று நினைக்கிறோம். அது மிகப் பழைய, மிகச் சாதாரணமான ஒரு பழக்கத்தின் மிச்சம்.

அப்படியென்றால் அந்தப் பழக்கம் ஏன் ஆடம்பரக் காரில் மட்டும் போய் ஒதுங்கியது?

காரணம் இரண்டு மூன்று சேர்ந்து வந்தது. அமெரிக்காவில் எட்வர்ட் பட் என்பவர் மரமே இல்லாமல் முழுக்க எஃகுத் தகட்டை அச்சில் அழுத்திப் பெட்டி செய்யத் தொடங்கினார். 1914 அளவிலேயே டொட்ஜ் கொம்பனி அவரிடம் வாங்கியது. அந்த அச்சுக்கு ஆரம்பச் செலவு பயங்கரம், ஆனால் ஆயிரக்கணக்கில் அடித்தால் ஒரு பெட்டிக்கு விழும் செலவு சொற்பம். 1920களின் நடுவில் டூகோ என்ற விரைவில் காயும் பெயின்ட் வந்தது, வாரக்கணக்கு வேலை நாட்கணக்கானது. சாதாரணக் கார் இந்தப் பக்கம் போய்விட்டது. வருஷத்துக்குச் சில நூறு மட்டும் விற்கிற பெரிய கார்களுக்கு அச்சு கட்டுப்படியாகாது, அதனால் அவை மட்டும் கோச்பில்டரிடம் மிஞ்சின. கோச்பில்டர் ஆடம்பரத்தைத் தேடிப் போகவில்லை, மற்ற எல்லாம் அவரை விட்டுப் போய்விட்டன.

அவர்களும் சும்மா இருக்கவில்லை. மரக் கூட்டின் பெரிய நோய் கீச்சுச் சத்தம், செசி முறுக்கும்போது மூட்டுகள் உரசும். சார்ல்ஸ் வேமன் என்ற விமானி, விமானம் கட்டுகிற முறையைக் காருக்குக் கொண்டுவந்தார்: மரமும் மரமும் தொடாமல் நடுவில் உலோகத் தகடு வைத்த மூட்டு, மேலே தகட்டுக்குப் பதில் மெழுகிய துணி. கார் பாரம் குறைந்தது, சத்தம் நின்றது. முல்லினர் அந்த முறைக்கு உரிமம் வாங்கி 1920களில் நிறையக் கட்டியது. துணி சீக்கிரம் பழுதாகும், பளபளப்பு வராது, அதனால் பத்து வருஷத்தில் அந்த மோகம் ஓய்ந்துபோனது.

பெரிய அடி 1946இல். போர் முடிந்ததும் பென்ட்லி மார்க் 6 என்ற கார் தொழிற்சாலையிலேயே எஃகுப் பெட்டியோடு வெளியே வந்தது. பென்ட்லி அப்போது ரோல்ஸ் ரோய்ஸின் சொத்து. வாங்குபவர் விரும்பினால் வெறும் செசியாகவும் எடுக்கலாம், ஆனால் பெரும்பாலானவர்கள் ஆயத்தப் பெட்டியையே எடுத்தார்கள். மலிவு, உடனே கிடைக்கும், நன்றாகவும் இருந்தது. பார்க்கர் போருக்கு முன்பே, 1938இல், ஹூப்பரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. 1805இல் தொடங்கி அரச குடும்பத்துக்கே வண்டி கட்டிய ஹூப்பர் 1959இல் கோச் வேலையை நிறுத்தியது. அதே 1959இல் ரோல்ஸ் ரோய்ஸ் முல்லினரை விலைக்கு வாங்கி, 1939இலேயே வாங்கி வைத்திருந்த பார்க் வார்ட் என்ற இன்னொரு கோச்பில்டரோடு 1961இல் ஒன்றாக்கியது.

விலைபோவதற்கு முன்னான அந்தப் பத்து வருஷத்தில்தான் முல்லினர் தன் மிகச் சிறந்த வேலையைச் செய்தது என்பது என் எண்ணம். 1952இன் பென்ட்லி ஆர் டைப் கொன்டினென்டல், இரண்டு கதவு, பின்பக்கம் மீன் வால் போல இறங்கும் கூரை. மணிக்கு 185 கிலோமீற்றருக்கு மேல் போனது. அந்தக் காலத்து டயர் அந்த வேகத்தில் அதிகப் பாரத்தைத் தாங்காது, ஆகவே ஒவ்வொரு இறாத்தலையும் பார்த்துப் பார்த்துக் குறைத்தார்கள். யன்னல் சட்டமும் ஆசனச் சட்டமும்கூட பாரம் குறைந்த உலோகம். பிறகு 1957இல் அதே எண்ணத்தை நாலு கதவுக்குக் கொண்டுபோனார்கள். கொன்டினென்டல் என்றால் இரண்டு கதவுதான் என்று ரோல்ஸ் ரோய்ஸ் முதலில் மறுத்தது, முல்லினர் விடவில்லை. அப்போது முல்லினரை நடத்திய ஜோன்ஸ்டன் என்பவரின் ஸ்கொட்லாந்துக் குலச் சின்னம் சிறகு முளைத்த குதிமுள், குதிரை ஓட்டுபவர் குதிகாலில் கட்டுகிற முள். அதையே காருக்குப் பெயராக வைத்தார்: ஃப்ளையிங் ஸ்பர்.

மருமகனே, நீ ஓட்டுகிற காரின் பெயரே கோச்பில்டர் வைத்த பெயர்தான். பென்ட்லி வைத்தது இல்லை. வேகமான கொன்டினென்டலை நாலு கதவு செடானாக்கும் எண்ணமே சிசிக் பட்டறையிலிருந்து வந்தது. கதவடியில் அந்தப் பெயர் இருப்பதற்கு நியாயம் இருக்கிறது.

1965இல் கதை முடிந்தது என்று சொல்லலாம். ரோல்ஸ் ரோய்ஸ் சில்வர் ஷாடோ வந்தது, அதில் தனிச் செசி இல்லை. பெட்டியே எலும்பு, பெட்டியே தோல். லான்சியா 1922இலும் சிட்ரோன் 1934இலும் செய்துவிட்ட வேலை, ரோல்ஸ் ரோய்ஸுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. செசி இல்லையென்றால் கோச்பில்டர் எதன்மேல் கட்டுவார்?

இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்தபோது எனக்குச் சரியாக விளங்கவில்லை. ஆரையம்பதிக் கராஜில்தான் விளங்கியது. ஒரே வாரத்தில் இரண்டு வாகனம் நின்றது. ஒன்று பழைய லேன்ட் ரோவர், அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்தது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்ட காலத்திலிருந்து அங்கே அந்த ஜீப்புகள் நிறைய. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுத் தட்டுப்பாடு, அதனால் அதன் பெட்டி அலுமினியக் கலவை, கீழே தனிச் செசி. கடற்காற்றில் அலுமினியம் இரும்பைத் தொடுகிற இடமெல்லாம் வெள்ளை மாவாக உதிர்ந்திருந்தது, மற்ற இடம் புதிதுபோல. நட்டுகளைக் கழற்றி, ஆறு பேர் சேர்ந்து பின்பெட்டியைத் தூக்கி வேலியோரம் வைத்தார்கள். செசி தனியாக நின்றது, ஸ்டாட் பண்ணினால் ஓடும்.

மற்றது ஒரு மொரிஸ் மைனர். தனிச் செசி இல்லாத கார். கதவுக்குக் கீழே ஓடும் அந்த நீளப் பெட்டிச் சட்டம் கறல் தின்று விரலால் குத்தினால் போகிற நிலை. கராஜில் வேலை பழகிய பொடியன் கிரைண்டரை எடுத்துக்கொண்டு குனிந்தான். பாஸ் ஓடிவந்து கையைப் பிடித்தார். "இதை இப்ப வெட்டினா கதவு மறுகா பூட்டுப்படாது மனே." பிறகு கதவைக் கழற்றி, அந்தக் கதவுவாயின் குறுக்கே முன் தூணிலிருந்து பின் தூணுக்கு ஒரு இரும்புக் குழாயை வெல்டிங் பண்ணி, அடியில் இரண்டு ஜக் கொடுத்து, அளவு நாடாவால் மூலைக்கு மூலை அளந்து சுவரில் எழுதி வைத்த பிறகுதான் வெட்ட விட்டார். அந்தச் சட்டம் அழகுக்கு இல்லை, அதுதான் காரைத் தாங்கி நிற்கிறது; வெட்டினால் கார் நடுவில் தொய்யும், ஒரு விரற்கடை தொய்ந்தாலே கதவு பொருந்தாது. அப்படியான ஒரு பெட்டியை எடுத்துவிட்டு வேறு பெட்டி வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. சில்வர் ஷாடோ வந்தபோது கோச்பில்டர்களுக்கு நடந்தது இதுதான்.

வேறொரு வழியாலும் ஆடம்பர செடானை மாற்றுகிறவர்கள் வந்தார்கள், அவர்களையும் கோச்பில்டர் என்று கலந்து பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஜெர்மனியில் 1967இல் தொடங்கிய ஏஎம்ஜி, மெர்சிடிஸ் பென்ஸில் வேலை செய்த இரண்டு என்ஜின்காரர்களுடையது. 1971இல் ஒரு பெரிய 300 எஸ்இஎல் செடானைச் சிவப்பு அடித்து, பெல்ஜியத்தில் ஸ்பா இருபத்துநாலு மணி ஓட்டத்தில் இரண்டாவதாகக் கொண்டுவந்தார்கள். அதே மாதிரி ஜெர்மன் பட்டறைகள்தான் 1965இன் அல்பினாவும் 1977இன் பிராபஸும். இவர்கள் எல்லோரும் ஆயத்தமாக வந்த காரைப் பிரித்து வேகம் கூட்டுகிறவர்கள், நல்ல வேலைக்காரர்கள். ஆனால் ஓடாவி வழி வந்தவர்கள் இல்லை, மெக்கானிக் வழி வந்தவர்கள். அமெரிக்காவில் செடானை நடுவில் அறுத்து நீட்டுகிற வேலையும் தனிக் கதை. ஆர்க்கன்சோவில் ஃபோர்ட் ஸ்மித் என்ற ஊரில் ஆம்ப்ரஸ்டர் என்ற பட்டறை 1928இல் வாத்தியக் குழுக்கள் ஆளும் வாத்தியமுமாக ஊர் ஊராகப் போக நீட்டிக் கொடுத்தது. அது ஓரளவுக்குப் பழைய கோச் வேலைதான், தேவையிலிருந்து பிறந்தபடியால்.

முல்லினருக்கு வருகிறேன். 1998இல் ஃபோக்ஸ்வாகன் பென்ட்லியை வாங்கியது, ரோல்ஸ் ரோய்ஸ் பெயர் 2003 தொடக்கம் பிஎம்டபிள்யூவுக்குப் போனது, முல்லினர் பென்ட்லியோடு நின்றுவிட்டது. இன்றைக்கு அது குரூ நகரத்துத் தொழிற்சாலையில் ஒரு பிரிவு. உன் முதலாளியின் காரில் அவர்கள் செய்தது தோல், நூல், மரப்பூச்சு, பெயின்ட். பெட்டியைத் தொட்டிருக்க மாட்டார்கள். நாலு தொழிலில் குஷன்காரரும் வர்ணக்காரரும் அப்படியே மிஞ்சினார்கள், தச்சர் டாஷ்போர்ட்டின் மெல்லிய மரத்தோலுக்குள் சுருங்கிவிட்டார், கொல்லர் இல்லை. எப்போதாவது முழுப் பெட்டியும் கட்டுகிறார்கள்: 2020இல் அறிவித்த பக்கலார் பன்னிரண்டு கார், 2022இல் பட்டூர் பதினெட்டு. அவை இரண்டு கதவுக் கார்கள்; அடிப்பாகம் ஆயத்தமாக இருப்பது, மேல்கட்டு மட்டும் புதியது. கையால் தோல் தைக்கிறவர்கள் இருக்கும் வரைக்கும் அந்தப் பெயருக்கு உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் 1957 வரைக்கும் அந்தப் பெயர் சுமந்த வேலையின் கால்வாசிதான் இது.

மிச்சம் முக்கால்வாசியைப் பார்க்க விரும்புகிறவர் கிழக்கு மாகாணத்துக்கு வரலாம். லொறி, பட்டா என்கிற சின்ன லொறி எல்லாம் தனிச் செசி உள்ளவை. அவற்றுக்கு மேல்கட்டு கட்டுகிற பட்டறைகள் கல்முனை, ஏறாவூர், செங்கலடி எங்கும் இருக்கின்றன. மீன் வியாபாரி வந்தால் ஐஸ் பெட்டி எத்தனை, தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று கேட்கிறார்கள். நெல் ஏற்றுகிறவரிடம் பின்தட்டு எவ்வளவு உயரம் என்று கேட்கிறார்கள். சவ வண்டிக்கு வந்தால், பெட்டியை உள்ளே தள்ளும்போது தூக்குபவர்களின் கை நசுங்காமல் உருளை எங்கே வைப்பது என்று ஒரு வெறும் பெட்டியைத் தூக்கிப் பார்த்தே முடிவெடுத்ததை நான் கண்டிருக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் திறக்கும் வரைக்கும், ஓடுகிற எதையும் கழிக்க முடியாத நிலை. இந்தப் பட்டறைகள்தான் பழையதையெல்லாம் ஓட வைத்தன. தொப்பியின் உயரத்தைக் கேட்ட முல்லினர் ஆளும் ஐஸ் பெட்டியின் எண்ணிக்கையைக் கேட்கிற ஏறாவூர் ஆளும் ஒரே தொழிலாளி. இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை.

அந்த மொரிஸ் மைனருக்குப் புதிய சட்டம் வைத்து முடிய பதினொரு நாள் ஆனது. குறுக்குக் குழாயை வெட்டி எடுத்த அன்று நானும் போயிருந்தேன், வயர்களை மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. பாஸ் சுவரில் எழுதிய அளவைப் பார்த்து மூலைக்கு மூலை அளந்தார், நூல் அளவும் மாறவில்லை. கதவைப் பிணைச்சலில் கொளுவி, பொடியனைக் கூப்பிட்டு, "இப்ப நீ பூட்டு" என்றார். அவன் ஒரு விரலால் தள்ளினான், டப் என்று ஒரு சத்தம், போய்ப் பொருந்தியது. அவன் திறந்து மறுபடி பூட்டினான். மூன்றாம் தரமும் பூட்டினான். பாஸ் ஒன்றும் சொல்லாமல் பட்டி டின்னைத் தேடிப் போய்விட்டார்.